பிள்ளையார் தேருக்கு ஒரு வோக்கி

என் தொழிலை ஒரு வரியில் சொன்னால், கேட்பவர்கள் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். பொலிஸ் கார்களுக்குள் தலைகீழாகக் கிடந்து, உள்ளே இருக்கிற வோக்கி டோக்கிகளைக் கழற்றி எடுக்கிறவன் நான். களவாக அல்ல, சம்பளத்துக்கு. பழையதைக் கழற்றிய இடத்தில் புதியதைப் பூட்டி, அது கதைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

ஊரில், சண்டைக் காலத்தில், வோக்கி இரைகிற சத்தம் நாலு ஒழுங்கைக்கு அப்பால் கேட்டாலே, அது எந்தப் பக்கத்து வோக்கி என்று விசாரித்துக்கொண்டு நிற்காமல் வேலி பாய்ந்த தலைமுறை எங்களுடையது. நான் பாய்ந்த வேலிகளில் கடைசி வேலிக்கு அந்தப் பக்கம் சுவிஸ் இருந்தது. இங்கே உணவகத்தில் கோப்பை கழுவி, சூக் நகரில் பணக்காரக் கந்தோர்களின் கண்ணாடி துடைத்து, பிறகு வயர் இழுக்கப் பழகி, கடைசியில் ஊஸ்டர் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்தேன். அந்தக் கம்பனிக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது: சுற்றியுள்ள சில ஊர்களின் பொலிஸ்காரர் பாவிக்கிற கிழட்டு வோக்கிகளை எல்லாம் மாற்றுவது. காரில் இருக்கிற பெரியது, இடுப்பில் தொங்குகிற சின்னது, எல்லாமே. அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடியவனைப் பிடித்து, அந்தச் சத்தத்தையே திருத்தச் சொன்னார்கள். பிள்ளையாருக்குப் பகிடி தெரியாது என்று யார் சொன்னது?

வேலை தொடங்கிய கிழமையே நான் பெரிய செய்தியானேன். பொலிஸ் கராஜின் கதவு திறந்திருந்தது. நான் ஒரு பொலிஸ் காரின் பின் ஆசனத்தில் இருந்து, கூரைக்குள்ளால் இறங்குகிற அன்ரனா வயரைத் தடவித் தேடிக்கொண்டிருந்தேன். அப்படித் தேடும்போது மனிதனுடைய முகம் கொஞ்சம் சோகமாகத்தான் போகும். வெளியே சைக்கிளில் போன எங்கள் ஆள் ஒருவர் என்னைக் கண்டார். நான் கை காட்டினேன். அவர் கை காட்டவில்லை. பாவம் என்று தலையை ஆட்டிவிட்டு வேகமாக மிதித்தார். நான் வயரைக் கண்டுபிடிக்க முன்னமே மனைவி தொலைபேசியில் வந்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்களைப் பிடிச்சிட்டாங்களாம். கனடாவிலயிருந்து என்ர தம்பி எடுத்துக் கேக்கிறான், லோயர் பிடிக்கவோ எண்டு."

"நான் வேலையில நிக்கிறன்."

"அதைத்தான் நானும் சொன்னன். அவன் நம்பேல்லை. 'அக்கா, அத்தானை மறைக்காதேங்கோ' எண்டுறான்."

பழைய வோக்கிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காரின் பின்பெட்டிக்குள் சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு இரும்புக் கட்டி. அங்கிருந்து முன்னுக்கு எலிவால் போல ஒரு தடித்த வயர். முன்னால், சுருள் வயரில் தொங்குகிற மைக். செய்த கம்பனி உதிரிப்பாகம் செய்வதை எப்போதோ விட்டுவிட்டது. ஒரு கார் கதைக்கவேண்டுமென்றால் இன்னொரு காரின் வயிற்றைக் கிழித்துச் சாமான் எடுக்கவேண்டும். பொத்தான்களில் இருந்த எழுத்துகள் விரல் பட்டுப் பட்டு அழிந்து, எது எதற்கு என்று பழகின ஆளுக்குத்தான் தெரியும். மழைக்கு இரைச்சல், வெயிலுக்கு மௌனம். பாலத்துக்குக் கீழே போனால் மோட்சம்.

எங்கள் கோயில் இருக்கிற ஊரின் பொலிஸுக்குப் பொறுப்பாக ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். நல்ல உயரம், கட்டையாக வெட்டிய நரைமுடி. நான் மனதுக்குள் அவருக்குப் பொலிஸ் அம்மா என்று பெயர் வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவர் அந்தப் பழைய வோக்கியோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறார். அது கதைக்காவிட்டால் வலப்பக்கம் ஒரு தட்டு, இடப்பக்கம் இரண்டு தட்டு. உடனே கதைக்கும். நான் அவருடைய காரைத் திறந்த நாளில், காலைத் தேநீர் நேரத்தில் கையில் இரண்டு கிப்ஃபெலி பாணோடு வந்து நின்றார். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, கழற்றிக் கிடந்த இரும்புக் கட்டியைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகத் தூக்குங்கள், அது என்னைவிட அதிகம் வேலை செய்திருக்கிறது என்றார்.

புதியதைப் பூட்டியதும் கேட்டார்: "இதற்கு எந்தப் பக்கம் தட்டவேண்டும்?"

"இதற்கு அடிக்கக்கூடாது. இது படித்த பிள்ளை," என்றேன் என்னுடைய உடைந்த ஜெர்மனில்.

அவர் சிரித்துவிட்டு, யாரும் பார்க்காத நேரம் ஒருமுறை மெல்லத் தட்டிப் பார்த்தார். நான் பார்த்தேன்.

இனித் தேர். எங்கள் பிள்ளையார் இருக்கிற மண்டபத்தில் ஒரு காலத்தில் கம்பளம் விற்றார்கள். ஊர் ஓரத்தில், டயர்க் கடைக்கும் கார் கழுவுகிற இடத்துக்கும் நடுவே இருக்கிறது. பல வருடமாகத் தேர் கார் தரிப்பிடத்தைத்தான் சுற்றி வந்தது. பிள்ளையார் டயர்க் கடைக்கு அருள் பாலித்து, கார் கழுவும் இடத்துக்கு அருள் பாலித்து, வெள்ளைக் கோடுகளுக்கு மேலால் உருண்டு வீட்டுக்கு வருவார். நீண்ட நாள் கெஞ்சியதில் ஒரு கோடை காலத்தில் பிரதான வீதி கிடைத்தது. கோயில் ஒழுங்கையால் வீதியில் ஏறி, அங்கே இருக்கிற சுற்றுவட்டத்தை ஒருமுறை வலம் வந்து, திரும்பிவிடலாம். வீதியின் மறு அந்தத்தில் ஒரு ரயில் பாலம். அதற்குக் கீழே வீதி பள்ளமாக இறங்கும். அந்தப் பாலத்தடியில் ஒரு பொலிஸ்காரர் நிற்பார். தேர் வீதியில் ஏறுகிறது என்று வோக்கியில் சொன்னவுடன் அவர் எதிரே வருகிற பஸ்ஸை மறிக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

சொன்னார்கள். ஆனால் பழைய வோக்கி பாலத்தடியில் மோட்சத்தில் இருந்தது. ஒன்றும் கேட்காத பொலிஸ்காரர் நல்ல மனதோடு பஸ்ஸுக்குக் கை காட்டி அனுப்பினார். பஸ் பள்ளத்தால் ஏறி வர, தேர் ஒழுங்கையால் திரும்ப, பிள்ளையாரும் பஸ் சாரதியும் மூக்குக்குத் தும்பிக்கை நேருக்கு நேராகச் சந்தித்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் தேர் பின்னோக்கிப் போகாது. பஸ்ஸுக்குப் பின்னால் வாகனங்கள் சேர்ந்து பஸ்ஸும் போக வழியில்லை. அன்று மத்தியானம் ஊரே இறுகிப்போனது. பஸ்ஸில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா பஞ்சாமிர்தம் வாங்கிச் சாப்பிட்டு, இப்படி ஒரு நல்ல பயணம் போனதில்லை என்றாராம். ஊராட்சிக் கந்தோரில் வேறு மாதிரிச் சொன்னார்கள்.

அடுத்த கோடைக்கு முதல் எங்களைக் கூப்பிட்டார்கள். கோயில் சார்பில் தேர் அண்ணை போனார். தேர் வேலை எல்லாம் அவர் பொறுப்பு என்பதால் எல்லோருக்கும் அவர் தேர் அண்ணைதான். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பக்கத்தில் நிற்கிறவரோடும் நானூறு பேருக்குக் கதைப்பதுபோல் கதைப்பார். ஜெர்மனில் மாற்றிச் சொல்ல நான் கூடப் போனேன். பொலிஸ் அம்மா விசயத்தை நேராகச் சொன்னார். புதிய வோக்கிகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து முதல் தடவை பாவிப்பது உங்கள் தேரன்றுதான். உங்கள் ஆட்களுக்கும் இரண்டு இரவல் தருகிறோம். ஆனால் பஸ்ஸும் தேரும் இன்னொரு தடவை சந்தித்தால், பிறகு உங்கள் கடவுளுக்குக் கார் தரிப்பிடம் மட்டும்தான். கோபமாகச் சொல்லவில்லை. பல் வைத்தியர், இந்தப் பல்லைப் பிடுங்கவேண்டி வரலாம் என்று சொல்வாரே, அந்த அன்போடு சொன்னார்.

வெளியே வந்ததும் தேர் அண்ணை நின்றார்.

"தம்பி, உந்தப் புதுச் சாமானைப் பூட்டினது ஆர்?"

"நான்தான் அண்ணை."

"அப்ப பிள்ளையார் ரோட்டில போறதோ, பாக்கிங்கில சுத்துறதோ, உம்மட கையில."

"அண்ணை, நான் வயர் மட்டும்தான்..."

"வயர் மட்டும்தானோ? எங்கட சனம் வருசம் முழுக்கக் குனிஞ்சு நிலம் துடைக்குது, கிழவர்மாரைத் தூக்கிக் குளிப்பாட்டுது. ஒரே ஒருநாள் ரோட்டில நிமிந்து நிண்டு வடம் பிடிக்குது. வயர் மட்டும்தானாம்!"

பதகளிப்பு என்று எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. நெஞ்சு முன்னுக்கும் கால் பின்னுக்கும் ஓடுகிற நிலை. எனக்கு அது பிறவியிலேயே உண்டு. ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது என்று தெரிந்தாலும் படியில் ஓடுவேன். கடிதப் பெட்டியில் வெள்ளை உறையைக் கண்டால், பிரித்துப் பார்க்க முதல் நாடுகடத்தப்பட்டுவிடுவேன். உள்ளே பல் வைத்தியரின் நினைவூட்டல் இருக்கும். தேர் அண்ணை அன்று அந்தப் பதகளிப்புக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பொலிஸ் அம்மாவிடம் சொல்லிவிட்டு இரண்டு புதிய வோக்கிகளோடு சோதனைக்குப் போனேன். மனைவியைக் கோயில் வாசலில் நிறுத்தினேன். நான் பாலத்தடியில் நின்றேன்.

"இஞ்சாரும், கேக்குதோ?"

"கேக்குது. கத்தாதேங்கோ. நான் சொல்லுறது உங்களுக்கு வீட்டிலயும் இப்பிடிக் கேட்டால் எவ்வளவு நல்லம்."

"தொடர்ந்து கதையும். சோதிக்கவேணும்."

"என்னத்தைக் கதைக்க?"

"கலியாணம் கட்டின நாளில இருந்து நீர் கேக்காத கேள்வி."

அவள் கதைத்தாள். வெண்டிக்காய் முற்றல் என்றாள். கனடாத் தம்பி இன்னும் நான் உள்ளே இருக்கிறேன் என்றுதான் நம்புகிறான் என்றாள். தேருக்குக் கட்டுகிற வேட்டியை நான் கடைசியாக எங்கே வைத்தேன் என்று கேட்டு, எங்கே வைத்தேன் என்று அவளே பதிலும் சொன்னாள். என் தலைக்கு மேலால் ஒரு ரயில் தடதடவென்று போனது. அவள் குரலில் ஒரு சொல்லும் அறுபடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது மூன்றாவது குரல் ஒன்று ஜெர்மனில் வந்தது. பொலிஸ் அம்மா. தன் காரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லாம் கேட்கிறது. உங்கள் மனைவியை வேலைக்கு எடுக்கலாம்."

தேர்த் திருவிழா அன்று நல்ல வெயில். வெறும் மேல், பட்டு வேட்டி, அதற்கு மேலால் பொலிஸ் தந்த மின்னுகிற மஞ்சள் மேற்சட்டை. கண்ணாடியில் பார்த்தபோது வீதி திருத்த வந்த நாயனார் போல இருந்தேன். கோயில் வாசலில் நின்ற பொலிஸ் காரைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது: அன்ரனா இறுக்கினேனா? இறுக்கியிருந்தேன். நேற்றும் இறுக்கியிருந்தேன். இனியும் இறுக்கினால் காரே நெளியும். இருந்தாலும் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பெட்டிக்குள் தலையை விட்டேன்.

அங்கே கிடக்கும்போது தேர் அண்ணையின் குரல் கேட்டது.

"புதுக் கார் எடுத்தால் தேசிக்காய் வைக்காமல் ஓடுறியளோ? இது பிள்ளையாற்ற வேலைக்கு வந்த சாமான். ஒரு பூசை வைக்காமல் எப்பிடி?"

எல்லா வோக்கிகளையும் ஒரு தட்டில் அடுக்கி உள்ளே கொண்டுபோனார்கள். பொலிஸ் அம்மாவும் பாலத்தடிக்குப் போகவேண்டிய மீசைக்காரப் பொலிஸ்காரரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு பின்னால் போனார்கள். நல்ல விசயம் என்று பின்பெட்டிக்குள் இருந்தபடியே கும்பிட்டேன். என்னுடைய வோக்கி என் இடுப்பில் இருந்தது. உள்ளே மணி அடித்தது. கர்ப்பூர வாசம் வந்தது. அன்ரனா இறுக்கமாகத்தான் இருந்தது.

தேங்காய்கள் உடைந்தன. தேர் அசைந்தது. ஒவ்வொருவரும் தங்கள் இடத்துக்குப் போனார்கள். பொலிஸ் அம்மா சுற்றுவட்டத்தில், மீசைக்காரர் பாலத்தடியில், தேர் அண்ணை தேருக்குப் பின்னால் சில்லுக்குக் கட்டை போடுகிறவர்களோடு, நான் முன்னால் வடத்துக்குப் பக்கத்தில். ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்று, பொத்தானை அமத்தி, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜெர்மனைச் சொன்னேன்.

"தேர் வீதியில் ஏறப்போகிறது. பாலத்தடி, பஸ்ஸை மறிக்கவும். பதில் சொல்லவும்."

"ம்புஃப் ம்பூ ம்ம்ஃப்," என்றது பாலத்தடி.

வாய் நிறைய மோதகத்தை வைத்துக்கொண்டு கதைப்பது போல இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு மோதகம். சுற்றுவட்டத்தைக் கூப்பிட்டேன். பொலிஸ் அம்மாவும் "ம்ஃபூம்?" என்றார். பின்னால் தேர் அண்ணை வோக்கிக்குள் ஏதோ சொன்னார். நேரே கத்தினாலே பக்கத்து ஊருக்குக் கேட்கிற அந்த மனிதர், வோக்கியில் கட்டிலுக்குக் கீழே ஒளித்திருக்கிற பூனை போலக் கேட்டார்.

அப்போது நான் என்ன செய்தேன்? பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளன் செய்வதைச் செய்யவில்லை. கையை உயர்த்தித் தேரை நிறுத்தினேன், அது ஒன்றுதான் சரி. சில்லுக்குக் கட்டை போட்டார்கள். தவிலும் நாதஸ்வரமும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. என் மனம் அதற்கு முதலே எங்கேயோ போய்விட்டது. பூட்டிய அத்தனை கார்களையும் திரும்பத் திரும்பக் கழற்றுகிறேன். என் முதலாளி ஒரு புருவத்தை மட்டும் தூக்குகிறார். வருகிற கலியாண வீடுகளில் எல்லாம் சனம் என்னைக் காட்டி, "பிள்ளையாரை மறுபடி பாக்கிங்கில விட்டது உவர்தான்" என்கிறது. என் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தப் பட்டம் போகிறது. எனக்கு இன்னும் பேரப்பிள்ளைகளே இல்லை.

இவ்வளவையும் நினைத்துக்கொண்டு வெறுங்காலோடு சுடுகிற தாரில் குதித்தேன். வோக்கியை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தேன். என் பெருவிரல் பொத்தானில் இருந்தது. இந்த வோக்கியில் ஒரு முதல் பாடம் இருக்கிறது: ஒருவர் பொத்தானை அமத்திக்கொண்டிருக்கும் வரை மற்றவர் யாரும் கதைக்க முடியாது, எல்லோரும் அவரைத்தான் கேட்கவேண்டும். அந்தப் பாடத்தைப் பொலிஸ்காரருக்குப் படிப்பித்தவன் நான்.

"ஐயோ பிள்ளையாரே! ஐயோ! நான் இறுக்கினனான், நீ பாத்துக்கொண்டுதானே இருந்தனி! ஐயோ, அன்ரனாவோ, பற்றரியோ, என்ன கோதாரியோ தெரியேல்லையே! ஐயோ, என்ர வேலை! ஐயோ!"

பின்னாலிருந்து தேர் அண்ணை வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"பொத்தானை விடும் காணும்! செத்தவீடு மாதிரி உம்மட ஒப்பாரிதான் எல்லாருக்கும் கேக்குது!"

பெருவிரலைப் பார்த்தேன். எடுத்தேன். அப்போதும் விளங்கவில்லை.

"அண்ணை, என்ர குரல் மட்டும் போகுது. உங்கட குரலும் வரேல்லை, அவையின்ர குரலும் வரேல்லை. இது என்ன மாயம்?"

பெண்கள் கூட்டத்திலிருந்து என் மனைவி வந்தாள். அன்று அவள் கையில் வெற்றிலை, விபூதி, சந்தனம் வைத்த தட்டு. என் முகத்தைப் பார்த்தாள், என் கையில் இருந்த வோக்கியைப் பார்த்தாள், பிறகு தேர் அண்ணையின் கையில் இருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தட்டில் இருந்த விபூதி சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள்.

"இஞ்சை பாருங்கோ. உங்கட வாயில சந்தனத்தை அப்பிவிட்டால் நீங்கள் கதைப்பியளோ?" கொஞ்சம் யோசித்தாள். "நீங்கள் கதைப்பியள். வேற ஆராலயும் ஏலாது."

பார்த்தேன். சின்ன வோக்கியின் முன்பக்கத்தில், ஒலி வருகிற சல்லடைக்குக் கீழே, ஒரு துளி ஓட்டை இருக்கிறது. அதற்குள்தான் மைக். அந்த ஓட்டையின் மேல் ஐயர் நல்ல கனமாக ஒரு சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வோக்கிக்கு ஒரு நெற்றி இருந்தால் அது அங்கேதான் இருக்கும். வெயிலில் சந்தனம் காய்ந்து சீமெந்தாகியிருந்தது. பூசைக்குப் போன ஒவ்வொரு வோக்கியும் வாயடைத்து நின்றது. பதகளிப்பில் பூசைக்கே போகாத என்னுடையது மட்டும் ஊருக்கு ஒப்பாரி வைத்தது.

மனைவி தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, அதன் காம்பை முறித்து, தேர் அண்ணையின் வோக்கியில் தோண்டத் தொடங்கினாள். அவர் பதறினார்.

"பிள்ளை, பிள்ளை! சாமிச் சந்தனம்! தோண்டாதையும்!"

"சாமிக்கு விளங்கும் அண்ணை. பஸ்ஸுக்கு விளங்காது."

காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அவர் சந்தேகத்தோடு, "ஹலோ?" என்றார். என் கையிலிருந்து அது இடி போல வந்தது. வடம் பிடித்து நின்ற முதல் வரிசை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது.

நான் பொத்தானை அமத்தினேன். ஜெர்மனில் சந்தனத்துக்கு என்ன சொல்? வரவில்லை. "முன்னால் உள்ள சின்ன ஓட்டை. அதன்மேல் மஞ்சளும் சிவப்பும். தயவுசெய்து சுரண்டி எடுங்கள்," என்றேன். விரலை எடுத்தேன். இந்தத் தடவை நினைவாக எடுத்தேன்.

சுற்றுவட்டத்திலிருந்து "ம்ஃப் ம்ம்?" என்று ஒரு தயக்கமான சத்தம் வந்தது. நான் மீண்டும் சொன்னேன். பிறகு கர், கர் என்று சுரண்டுகிற ஓசை. பிறகு, தெளிவாக, பக்கத்தில் நின்று கதைப்பது போலப் பொலிஸ் அம்மாவின் குரல்.

"உண்மையாக எடுக்கலாமா? பாலத்தடியில் நிற்பவரும் காலையிலேயே கேட்டார். அது புனிதமானது, கை வைக்கவேண்டாம் என்று நான்தான் சொன்னேன்."

எங்கள் ஆட்கள் பக்தியில் தொடவில்லை. அவர்கள் மரியாதையில் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பஸ் எந்த நிமிடமும் வரக்கூடிய வீதி. தேருக்கு மேலே இருந்த ஐயரை அண்ணாந்து பார்த்துக் கேட்டேன். அவருக்கு நடந்தது எல்லாம் கேட்டிருந்தது.

"எடுக்கச் சொல்லுங்கோ, எடுக்கச் சொல்லுங்கோ! நான் பிறகு வேற வைச்சு விடுறன்."

அதையும் அப்படியே ஜெர்மனில் சொன்னேன். பாலத்தடியில் இருந்து சுரண்டுகிற சத்தம் வந்தது. மேலே ரயில் போகிற சத்தம் வந்தது. போன வருடம் ஒரு சொல்லும் வராத அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்து, ரயிலையும் மீறி, மீசைக்காரரின் குரல் வந்தது.

"பாலத்தடி பேசுகிறேன். பஸ் இப்போதுதான் வந்தது. மறித்துவிட்டேன். சாரதி இறங்கிப் படம் எடுக்கத் தயாராக நிற்கிறார். உங்கள் கடவுள் வரலாம்."

நான் திரும்பி நின்று, தேர் அண்ணைக்கும் கேட்கும்படி கத்தினேன்: "பஸ் நிக்குது! பிள்ளையார் வரட்டாம்!"

அரோகரா என்று எழுந்த சத்தத்தில் டயர்க் கடையின் கண்ணாடி அதிர்ந்தது. கட்டை எடுத்தார்கள். வடம் இறுகியது. பெரிய மனிதர்கள், கந்தோர்களில் குப்பைக் கூடை வெறுமையாக்குகிறவர்கள், முதியோர் இல்லங்களில் இரவு வேலை செய்கிறவர்கள், எல்லோரும் ஒரே மூச்சாகப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தார்கள். தேர் ஒரு குலுக்கலோடு வீதியில் ஏறியது. சுற்றுவட்டத்தின் நடுவில் பூச்செடிகளுக்குப் பக்கத்தில் பொலிஸ் அம்மா நின்றார். நெற்றியில் பொட்டு, ஒரு கையால் தேருக்கு வழி காட்டிக்கொண்டு, மறு கையில் வோக்கியை உயர்த்தி எனக்குக் காட்டினார். பிள்ளையார் அவரைச் சுற்றி வலம் வந்தாரா, அவர்தான் பிள்ளையாரைச் சுற்றினாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணில் வியர்வை விழுந்திருந்தது. வியர்வை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னதானத்தில் பொலிஸ் அம்மா எங்களோடு நிலத்தில் இருந்து சாப்பிட்டார். தேர் அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்து என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தார். "கேளும், கேளும்." அன்று முழுக்க நானூறு பேருக்குக் கதைத்தவருக்கு அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் குரல் வரவில்லை. கேட்டது நான்தான்: அடுத்த வருடம் வீதியா, கார் தரிப்பிடமா?

பொலிஸ் அம்மா வடையை முடித்தார். கையைத் துடைத்தார். இரண்டு நிபந்தனை என்றார். முதலாவது, பொட்டைப் பின்பக்கத்தில் வைக்கவேண்டும். இரண்டாவது, நான் பொத்தானை விடவேண்டும்.

"வீதிதான்," என்றேன் தமிழில்.

தேர் அண்ணை எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவருடைய இலையில் இன்னொரு வடையை வைத்தார். பிறகு இன்னொன்று.

அப்போது பொலிஸ் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்கள் வோக்கியில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்களே. ஐயோ. அது என்ன, அவசரக் குறியீடா?"

"ஓமோம்," என்றாள் மனைவி எனக்கு முதல், நல்ல ஜெர்மனில். "எங்கள் வீட்டில் தினமும் பாவிக்கிற குறியீடு."

அதற்குப் பிறகு கராஜில் ஸ்குரூ ஒன்று சிக்கிக்கொண்டால் மீசைக்காரர் "ஐயோ" என்கிறார். சரியான இடத்தில், சரியான நீளத்தில். பொலிஸ் அம்மா தன் வோக்கியின் பின்பக்கத்துப் பொட்டைத் துடைக்க விடுவதில்லை. அது அழிந்தபோது என்னைக் கேட்டு, கோயிலுக்கு வந்து புதிதாக வைத்துக்கொண்டு போனார். மற்றக் காரில் போகிறவர்கள் தங்களுடையதற்கு ஏன் இல்லை என்று என்னிடம் கேட்டார்கள். நான் வயர் மட்டும்தான் என்றேன்.

இந்தக் கோடையில் ஒழுங்கை முடிகிற அதே இடத்தில் நின்றேன். பின்னால் தேர். வடத்தில் சனம். காலையில் அன்ரனாவை ஒரே ஒருமுறைதான் இறுக்கினேன், அதுவும் மனைவி பார்க்காத நேரம். பொத்தானை அமத்தி, தேர் ஏறப்போகிறது என்று சொன்னேன். விரலை எடுத்தேன்.

"பாலத்தடி பேசுகிறேன்," என்றார் மீசைக்காரர், தலைக்கு மேல் போகிற ரயிலோடு. "பஸ் நிற்கிறது. ஐயோ ஒன்றும் இல்லை."